திருவக்கரைக் கல்மரங்கள் தொடர்பாக யாழ்ப்பாணத்து யாத்திரைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத் தலயாத்திரைகளை ஒழுங்கு செய்யும் அன்பர்களுக்கும், அவற்றுக்கு ஆதரவளிக்கும் ஆலய பரிபாலன சபையினருக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தவருக்குத் தமிழகத் தலயாத்திரை புதிதல்ல. சிதம்பரத்தில் மடம் கட்டி, ஆருத்திரா தரிசனத்துக்குத் தோணியேறிப் போன பரம்பரை எங்களுடையது. போரினால் அறுந்துபோன அந்த வழி, 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியதோடும், 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதோடும், இடையிடையே நின்று நின்றேனும், மீண்டும் திறந்திருக்கிறது. ஆலய வாசல்களிலும் சந்தி மதில்களிலும் நீங்கள் ஒட்டும் யாத்திரை அறிவித்தல்களை நின்று வாசிப்பது என் வழக்கம். அண்மைக்காலமாக அவற்றுள் பலவற்றில், மேல்மலையனூருக்கும் மயிலத்துக்கும் இடையில், ‘திருவக்கரை வக்கிரகாளி அம்மன் தரிசனம்’ என்றொரு வரி வருகிறது. சென்ற ஆண்டு நானும் ஒரு குழுவோடு போனேன். எங்கள் நிகழ்ச்சி நிரலில் திருவக்கரைக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் 40 நிமிடம்.

அந்த 40 நிமிடத்தைப் பற்றியும், அந்த 40 நிமிடத்துக்குள் எங்கள் பஸ்ஸில் ஏறிய சில கற்களைப் பற்றியுமே (மிகப் பழைய மரங்கள் கல்லாகி உடைந்த துண்டுகள் அவை) இம்மடலை எழுதுகிறேன். எந்தக் குழு, யார் ஒழுங்கு செய்தது என்பதை நான் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் எங்களுக்கு வேளைக்கு உணவு தந்து, முதியவர்களைக் கைபிடித்து இறக்கி, ஒரு குறையும் இல்லாமல் வீடு சேர்த்தவர்கள். கல் விடயத்தில் அவர்கள் செய்த பிழை அறியாமல் செய்த பிழை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், அறிந்திருக்க வேண்டிய நானே அதைச் செய்திருக்கிறேன் என்பதையும் கீழே சொல்வேன்.

திருவக்கரை, விழுப்புரம் மாவட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள ஊர். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, இந்த ஊரை ஒட்டிச் சென்று, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் அந்த ஆற்றுக்குச் செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் பெயருண்டு. சம்பந்தர் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலம் என்பதாலும், சந்திரமௌலீசுவரர் மூன்று முகங்கொண்ட இலிங்கமாக எழுந்தருளியிருப்பதாலும், பௌர்ணமி இரவில் வக்கிரகாளி சந்நிதியில் காட்டப்படும் ஜோதியாலும் எங்கள் அடியார்கள் அங்கே போகிறார்கள். ஆனால் கோயிலிலிருந்து கிழக்கே நடந்து போகக்கூடிய தூரத்தில், கம்பிவேலிக்குள், செம்மண் மேட்டில் கிடக்கின்ற கல்மரங்களை எங்கள் குழுவில் பார்த்தவர்கள் என்னோடு சேர்த்து நான்கு பேர். மற்றவர்கள் பார்க்க விரும்பாமல் விட்டவர்கள் அல்லர். அப்படி ஓர் இடம் இருப்பதாக அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த இடத்தின் பெயர் தேசிய கல்மரப் பூங்கா. அதைப் பராமரிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. (அங்கே புவியியல் என்பதும் இங்கே நாங்கள் புவிச்சரிதவியல் என்பதும் ஒன்றே. இந்தச் சொல் வேறுபாட்டினால், புவியியல் ஆசிரியனாகிய என்னை அங்கிருந்த காவலாளி ஆய்வுத் துறை அதிகாரி என்று நினைத்துச் சற்று அதிகமாகவே உபசரித்தார்.) பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 247 ஏக்கர், பார்வையாளருக்குத் திறந்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். சுமார் 200 அடிமரங்கள் அங்கே கிடக்கின்றன. சில 3 மீற்றர் நீளம், சில 15 மீற்றர் வரை. பிரான்சு நாட்டு இயற்கையியலாளர் சொன்னரா 1781ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டு குறித்திருக்கிறார். தமிழகத்தில் இதுபோன்ற இன்னோர் இடம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். அங்கே கிடக்கும் ஓர் அடிமரம் 18 மீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. அது டைனோசர்கள் உலாவிய கிரெத்தேசியக் காலத்தது. திருவக்கரை மரங்கள் அவ்வளவு பழையவை அல்ல. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

முதற் பார்வையில் ஒருவரும் கல் என்று சொல்லமாட்டார். சீவல் தெரிகிறது, வைரம் தெரிகிறது, கணு தெரிகிறது, கறையான் அரித்ததுபோன்ற பள்ளங்கூடத் தெரிகிறது. மரக்காலையில் அறுக்கக் காத்துக்கிடக்கும் பாலை மரங்கள்போல வரிசை தப்பிக் கிடக்கின்றன. கிட்டப் போய்க் கையை வைத்தால்தான், சித்திரை வெயிலில் சுட்ட கருங்கல்லின் சூடு உள்ளங்கையில் ஏறுகிறது. தட்டினால் கணீரென்ற ஒலி. பேனாக்கத்தியின் நுனியால் கீறினால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக அதன்மேல் படியும். இதை நான் பூங்காவுக்குள் செய்யவில்லை. என் வீட்டில் இருந்த துண்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மரம் எப்படிக் கல்லானது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோல இங்கே சொல்ல அனுமதி வேண்டும், ஏனெனில் என் வேண்டுகோளின் நியாயம் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஒரு மரம் சாய்ந்தால் சில ஆண்டுகளில் உக்கிப்போகும். உக்குவதற்குக் காற்று வேண்டும். காற்றில் வாழும் பூஞ்சணங்களும் நுண்ணுயிர்களும் வேண்டும். பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரமொன்று, உக்குவதற்கு முன்னரே மணலாலும் களியாலும் மூடப்பட்டுவிட்டால், அதற்குக் காற்றுக் கிடைக்காது. அப்போது நிலத்தடி நீர், தான் கடந்துவந்த பாறைகளிலிருந்து கரைத்தெடுத்த, மணலுக்கு உறவான சிலிக்கா என்ற பொருளைச் சிறிது சிறிதாகச் சுமந்துகொண்டு அந்த மரத்துக்குள் புகுகிறது. ஒருகாலத்தில் வேரிலிருந்து இலைக்குச் சாறு ஏறிய அதே குழாய்களின் வழியே ஊறி, ஒவ்வொரு கலத்தின் உள்ளும் சுவரிலும் சிலிக்காவைப் படியவிடுகிறது. மரத்தின் சொந்தப் பொருள் மெல்ல மெல்ல அகல, அதன் வடிவத்தை அச்சொட்டாகக் கல் ஏற்கிறது. அந்நீரில் இரும்பு கலந்திருந்தால் செம்மையும் மஞ்சளும் கபிலமும் ஏறும். இப்படி வந்ததனால்தான் அந்தக் கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புள்ள சீவலாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், நேற்று வெட்டிய மரத்தைப்போல அதன் குழாய்களையும் நார்களையும் எண்ணலாம்.

அப்படி எண்ணிப் பார்த்துத்தான் அவை என்னென்ன மரங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். புளிய மரத்தின் உறவு, மாமரத்தின் உறவு, ஆமணக்கின் உறவு, மருத மரத்தின் உறவு. இன்றைக்கு எங்கள் வளவுகளில் நிற்கும் மரங்களின் முன்னோர்கள் என்று அவற்றைத் துணிந்து சொல்ல முடியாவிட்டாலும், அதே குடும்பத்தவை என்று சொல்லலாம். மருதனார்மடச் சந்தியால் போகும் போதெல்லாம் எனக்கு அந்தக் கல்மருது நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கிடப்பவை அடிமரங்கள் மாத்திரமே. வேரில்லை, கிளையில்லை, இலையில்லை. ஆகவே அவை அந்த இடத்திலே முளைத்து நின்ற காடு அல்ல, எங்கோ மேட்டு நிலத்தில் நின்று, வெள்ளத்தில் சாய்ந்து, உருண்டு, கிளையும் பட்டையும் உரிபட்டு, ஓரிடத்தில் ஒதுங்கிய மரங்கள் என்று ஆய்வாளர் முடிவு செய்தார்கள். இன்றைய சங்கராபரணிதான் அந்த வெள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது. அது மிகப் பழைய ஓர் ஆறு. அது கொண்டுவந்து குவித்த மணல்தான் இன்று கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்றுப் புதுச்சேரிக்குச் சுற்றிலும் செம்மேடுகளாக நிற்கிறது. அந்தப் பிரதேசத்திலேயே, நெய்வேலியில், சதுப்பில் மூழ்கிய தாவரங்கள் பழுப்பு நிலக்கரியாயின. திருவக்கரையில் மணலில் புதைந்தவை கல்லாயின. ஒரே மரம் விறகாவதும் கரியாவதும் கல்லாவதும், அது விழுந்த இடத்தையும் அதற்குக் கிடைத்த நீரையும் பொறுத்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மயோசீன் என்று சொல்லப்படும் காலம் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. திருவக்கரை மரங்களை ஆறு புதைத்த அந்தக் காலப்பகுதியில் யாழ்ப்பாணம் நிலமாகவே இருக்கவில்லை. இவ்விடம் ஆழமற்ற, வெதுவெதுப்பான கடல். அந்தக் கடலின் அடியில் சிப்பியும் சங்கும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியதுதான் நாங்கள் கிணறு வெட்டும்போது உடைக்கும் சுண்ணாம்புக்கல். நவக்கிரி நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் தந்தது அந்தக் கல்லே. கிணற்று அகழ்வில் வெளிவரும் கல்லொன்றை உடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு சிப்பியின் வளைவாவது தெரியும். இலங்கையின் மயோசீன் படிவுகளையும் அவற்றிலுள்ள உயிர்ச்சுவடுகளையும் பற்றி வேலண்டும் டேவிசும் 1923இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இதைப் படிப்பிக்க நான் ஒரு தேசிக்காயை வகுப்புக்குக் கொண்டுபோவேன். எங்கள் ஊர்க் கல்லைச் சுரண்டி அந்தத் தூளில் தேசிக்காய்ப் புளி விட்டால் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். கல்மரத்தில் எவ்வளவு புளி விட்டாலும் ஒன்றும் நடக்காது. ஒன்று உயிர்களின் ஓட்டிலிருந்து வந்த சுண்ணம், மற்றது மணலின் உறவான சிலிக்கா. ஒரு பக்கத்தில் கடலும் மறு பக்கத்தில் ஆறும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதிய இரண்டு ஏடுகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பின்வாங்கிலிருக்கும் பெடியன்கூட அன்றைக்கு எட்டிப் பார்ப்பான்.

அந்தக் கல்மரத் துண்டு என்னிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு நானும் என் தாயாரும் படகேறி மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்து தென்னாற்காடு மாவட்டத்து முகாமொன்றுக்கு அனுப்பப்பட்டோம். விழுப்புரம் தனி மாவட்டமாக அப்போது பிரிக்கப்படவில்லை. அது 1993இல் நடந்தது. 1991இல் ஒரு பௌர்ணமிக்கு முகாம் அயலவரோடு திருவக்கரைக்குப் போனோம். தாயார் அம்மனிடம் என்ன வேண்டினார் என்பது எனக்குத் தெரியாது. நான் விடியும்வரை கோயில் வெளியில் படுத்திருந்துவிட்டு, காலையில் பூங்காப் பக்கம் போய், திரும்பும் வழியில் வேலிக்கு வெளியே பாதையோரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். வேலிக்கு வெளியே கிடந்ததுதானே என்று மனத்துக்கு ஒரு சமாதானம். 2003இல் ஊர் திரும்பியபோது, விமான நிலையத்தில் பொதியைக் கிளறிய உத்தியோகத்தர் அதைக் கையிலெடுத்து, ‘விறகுக் கொள்ளியையும் கட்டிக்கொண்டு போகிறீர்களா?’ என்று கேட்டுச் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்தார். அன்றுமுதல் அது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. இருபது ஆண்டுகள் அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பெயர் வாங்கியிருக்கிறேன். ஆகவே மற்றவர்களைக் குற்றஞ்சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதை நன்கு அறிவேன்.

சென்ற ஆண்டு யாத்திரையில் நடந்தது இதுதான். தரிசனம் முடித்துப் பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, வழியில் கிடந்த துண்டொன்றை ஓர் அம்மா எடுத்தார். என்னவென்று கேட்டவர்களுக்கு, அசுரனின் எலும்பு என்று யாரோ சொன்னார்கள். வக்கிராசுரனைத் திருமால் வதம் செய்தபோது சிதறிய எலும்புகளே இந்தக் கற்கள் என்று அவ்வூரில் ஒரு வழக்கு உண்டு. எலும்பு என்றதும் கைவிட்டவர்களும் இருந்தார்கள், அம்மன் காலடியில் விழுந்த பொருள் என்று பக்தியோடு எடுத்தவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் எட்டோ ஒன்பதோ பேரின் கையில் கல். சாரதி ஒரு நல்ல துண்டைத் தேடி எடுத்து, நடக்க இயலாமல் பஸ்ஸிலேயே இருந்த ஒரு ஐயாவுக்குக் கொடுத்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் அலுமாரியை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். ஊர் திரும்பி ஒரு மாதத்தின் பின்னர், அந்தக் கற்களில் ஒன்றை, திருநீறு பூசிப் பூவைத்து, ஒரு வீட்டுச் சாமியறையில் கண்டேன். இன்னொன்று வேறொரு வீட்டின் பூச்சாடியில் அடைகல்லாக இருந்தது.

ஒரு கைத்துண்டு குறைவதால் 247 ஏக்கருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். உங்கள் குழுக்களோடு மட்டும் கணக்கு முடிவதில்லை. தமிழகம் முழுவதிலுமிருந்து பௌர்ணமிதோறும் அங்கே கூட்டம் வருகிறது. சுற்றுவட்டாரத்தில் கல்லுடைக்கும் ஆலைகள் இயங்குகின்றன. வேலிக்குள் இருப்பதற்காவது காவலாளி இருக்கிறார், வேலிக்கு வெளியே வயலிலும் பாதையிலும் கிடப்பவற்றுக்கு ஒருவருமில்லை. இத்தகைய புவி மரபிடங்களையும் அங்குள்ள பொருட்களையும் பாதுகாக்க ஒரு வரைவுச் சட்டமூலத்தை இந்திய அரசு 2022 டிசெம்பரில்தான் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. சட்டம் எப்படியிருந்தாலும், விருந்தாளியாகப் போன வீட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்து வரக்கூடாது என்பதை அறியச் சட்டப் புத்தகம் தேவையில்லை. சிவன்சொத்து குலநாசம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில் வில்வத்திலிருந்து ஓர் இலையைக் கேட்காமல் பறிக்கமாட்டோம். அந்த அச்சத்தின் எல்லையைக் கோயில் மதிலோடு நிறுத்தாமல், சற்றுத் தள்ளி, கல்மர மேடு வரைக்கும் நீட்டலாம் என்பதே என் விண்ணப்பம்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலும் பிழை முழுமையாகத் திருந்தாது என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலிருந்து அறியலாம். அங்கே 1906இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் 1962இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட பெரிய கல்மரக் காடு உண்டு. அங்கிருந்து துண்டுகளை எடுத்துச் சென்ற பலர், பின்னர் வீட்டில் நோயும் நட்டமும் வந்ததென்று பயந்தோ, மனம் உறுத்தியோ, மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்த கற்களை மீண்டும் காட்டுக்குள் போட முடிவதில்லை. எந்த மேட்டில், எந்தப் படையில், எந்த மரத்தின் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத கல்லைக் கண்ட இடத்தில் போட்டால், நாளை ஆராய வருபவர் பொய்யைப் படிப்பார். ஆகவே பாதையோரத்தில் ஒரு குவியலாக அவற்றைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனச்சாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர்.

இந்தப் பொய் எங்கள் ஊரிலும் விளையக்கூடும். கல்மரம் எளிதில் அழியாது. எங்கள் சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும், இது கரையாது. பூச்சாடியில் அடைகல்லாக இருப்பது, வீடு கைமாறும்போது வளவில் எறியப்படும். பிறகு மண்ணோடு மண்ணாகும். நூறு ஆண்டு கழித்து அத்திவாரம் வெட்டும் ஒருவர் அதைக் கண்டெடுத்து, யாழ்ப்பாணத்திலும் கல்மரக் காடு இருந்தது என்று அறிக்கை எழுதினால், அவர்மேல் பிழை சொல்ல முடியுமா? இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு, பிறந்த இடம் தெரியாமல் போவதன் துன்பத்தை விளக்கத் தேவையில்லை.

எங்கள் சொந்தக் கல்லை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று யாராவது திருப்பிக் கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. காங்கேசன்துறையில் 1950 தொடக்கம் 1990 வரை சீமெந்துக்காகத் தோண்டிய பள்ளங்கள் இன்னமும் வாய் திறந்து கிடக்கின்றன. அது வேறொரு மடலுக்குரிய விடயம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. திருவக்கரைக்கு ஒதுக்கும் நேரத்தை இரண்டு மணித்தியாலமாக்குங்கள். புதுச்சேரியிலிருந்து வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான், ஆகவே கடைவீதியில் சேலை வாங்கச் செலவிடும் நேரத்தில் சிறிது குறைத்தாலே போதும். (சேலை வாங்குபவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.) கூடுமானால் காலையிலேயே பூங்காவைப் பார்த்துவிட்டுப் பிறகு கோயிலுக்குப் போங்கள். நண்பகலில் அந்தச் செம்மண் மேட்டில் நிழல் குறைவு. முதியவர்களால் தாங்க முடியாது. பஸ் அவ்வூரை அணுகும்போது, ஒலிபெருக்கியில் பக்திப் பாடலைச் சற்று நிறுத்தி, இறங்கப் போகும் இடம் எது, அந்த மரங்களின் வயது என்ன, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது, விற்றாலும் வாங்கக் கூடாது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். அசுரனின் எலும்பு என்ற கதையை மறைக்க வேண்டியதில்லை. இறந்துபோன பெரிய உயிர் ஒன்றின் உடல் இது என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த உயிர் என்பதில்தான் அவர்களுக்கும் ஆய்வாளருக்கும் வேறுபாடு. அறிவித்தல் துண்டிலும் ‘வக்கிரகாளி அம்மன் தரிசனம்’ என்ற வரிக்குக் கீழே ‘தேசிய கல்மரப் பூங்கா’ என்று ஒரு வரி சேர்த்தால், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கு அது தனிக் காரணமாகும்.

ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டவர்களிடம், எறிய வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு சிறு அட்டையில் திருவக்கரை என்று எழுதி, எடுத்த ஆண்டையும், நினைவிருந்தால் எந்தப் பக்கத்தில் எடுத்தது என்பதையும் குறித்து, கல்லோடு சேர்த்துக் கட்டி, அருகிலுள்ள பாடசாலைப் புவியியல் ஆசிரியரிடம் கொடுக்கலாம். சாமியறையில் வைத்து வணங்குபவர்களைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களும் அந்த அட்டையை மட்டும் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டால் போதும்.

என் துண்டின் எடை கடைத் தராசில் 640 கிராம். ‘திருவக்கரை, 1991, பூங்கா வேலிக்கு வெளியே, கோயிலுக்குப் போகும் பாதையோரம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் எடுத்த விதத்தை உள்ளபடி குறிப்பிட்டு, அதை என்ன செய்வது என்று கேட்டுப் பூங்காவைப் பராமரிக்கும் திணைக்களத்துக்குக் கடிதம் அனுப்பியுள்ளேன். திருப்பி அனுப்பும்படி சொன்னால் உங்களில் ஒரு குழுவின் கையில்தான் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரைக்கும் அது உங்களுக்குப் பயன்படட்டும். புறப்படுவதற்கு முந்திய கூட்டத்தை நீங்கள் வழக்கமாக ஆலய மண்டபத்தில் வைப்பீர்கள். கடவுச்சீட்டு, மருந்து, மாற்றுடை பற்றியெல்லாம் விளக்கி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் தந்தால், அந்தக் கல்லைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் ஒருமுறை கொடுத்து வாங்குவேன். தொட்டுப் பார்க்கும் ஆசையில்தான் பலரும் எடுக்கிறார்கள். இங்கேயே தொட்டுவிட்டால் அங்கே குனியமாட்டார்கள் என்று நம்புகிறேன். எங்கள் கிணற்றுக்கல் ஒன்றையும் பக்கத்தில் வைப்பேன். தேசிக்காயும் நானே கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
தங்கள் நலன் நாடும்
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.